சாயங்காலச் சிவப்பு

"ரோஸ் பக்கம் சாயுது."

"எதுங்க?"

"சிவப்பு. இங்க வந்து பாரு. பச்சையும் சரியில்ல. நீலத்தோட தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்குது."

"காலையில கடையில பாத்தப்ப?"

"கடையில குத்துக்கல்லு மாதிரி நின்னுது. வீட்டுக்கு வந்ததும் ஆட்டம் காட்டுது."

"அதுக்கும் நம்ம வீடு பிடிக்கல போல" என்று சொல்லிவிட்டு மனைவி கைப்பையைக் கொக்கியில் மாட்டினாள். பகல் முழுவதும் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வந்திருந்தாள். வீட்டிலும் ஒருவர் அதே முகத்தோடு நிற்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசையின் மேல் புது லேப்டாப் திறந்திருந்தது. திரை முழுக்க ஒரு சிவப்புக் கட்டம். அதன் ஓரத்தில் வண்ண அட்டையின் சிவப்பு ஒன்றை ஒட்டிப் பிடித்தபடி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவர் குனிந்திருந்தார். அடுத்த வாரம் பையன் டிசைன் கல்லூரிக்குப் போகிறான். ரயிலில் ஓர் இரவு தூரம். வரும்போது ஒரு லேப்டாப் கொண்டுவர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். எந்த லேப்டாப் என்று அவர்கள் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அவருக்கு வேலை ஒரு பெயிண்ட் கடையில். நிறம் கலக்குவது. யாராவது உடைந்த ஓடு ஒன்றைக் கொண்டுவந்து, இதே நிறத்தில் வேண்டும் என்பார்கள். சட்டைப் பொத்தான், வெளுத்துப்போன மெத்தை உறை, எது வந்தாலும் அவர் ஒருமுறை பார்ப்பார், தெருவைப் பார்ப்பார், கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்ப்பார். பிறகு வெள்ளை டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பிப்பார். இப்போது கடையில் அதற்கு ஒரு இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் இயந்திரம் கலக்கித் தள்ளிய டப்பாவைத் திறந்து, அங்கே 'மாஸ்டர்' என்று பெயர் வாங்கிய அவர் தலையை ஆட்டினால்தான் முதலாளி மூடியை அடிப்பார்.

சிவப்பு, பச்சை என்றெல்லாம் சொல்வது, ஆட்களை 'ஏய் மனுஷா' என்று கூப்பிடுவது போல என்பது அவர் கட்சி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அட்டையில் இருக்கும் ஒரு முரட்டுச் சிவப்பு 'அத்தை கோபம்'. ஒரு மஞ்சள் 'பரீட்சை முடிஞ்ச மத்தியானம்'. எந்த உற்சாகமும் இல்லாத ஒரு சாம்பல் 'திங்கட்கிழமை'. வீட்டில் எல்லோரும் இந்தப் பெயர்களைத்தான் சொன்னார்கள். பையன் எழுத்துகளுக்கு முன்பே இவற்றைக் கற்றுக்கொண்டான். சாப்பிடும்போது அவர் அட்டையை நீட்டி ஒரு கட்டத்தில் விரலை வைத்தால், அவன் குனிந்துகூடப் பார்க்க மாட்டான். பெயர் வந்து விழும். ஒருதடவைகூடத் தப்பியது கிடையாது.

"என் கண்ணு அப்படியே அவனுக்கு வந்திருக்கு" என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். மகனுக்குக் கொடுக்க அவரிடம் வேறு பெரிதாக எதுவும் இல்லை. கண்தான் இருந்தது. அது போய்ச் சேர்ந்துவிட்டது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. அதனால்தான் அவன் டிசைன் படிக்க வேண்டும் என்றபோது, அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு படிப்பைச் சொல்ல, அவர் மட்டும் மறுபேச்சு பேசவில்லை.

பையன் வரைவதெல்லாம் பென்சிலில்தான். நாற்காலி, கதவுப்பிடி, கரண்டி, மறுபடி நாற்காலி. கலர் எங்கே என்று கேட்டவர்களிடம் அவர், "முதல்ல எலும்பு வரட்டும். ரத்தம் தானா ஓடும்" என்றார்.

இப்போது அந்தப் பையன் அறையிலிருந்து வந்து, திரையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

"நல்லாத்தான்பா இருக்கு."

"உண்மையைச் சொல்லு. அத்தை கோபமா இது? அத்தை சிரிக்கிற மாதிரி இருக்குடா."

"எனக்கு இது போதும்பா."

போதும் என்ற அந்தச் சொல் அவரை என்னவோ செய்தது. அப்பாவை மறுபடி அலைய விடக்கூடாது என்று நினைக்கிறான். இந்த வயதில் இப்படி விட்டுக்கொடுக்கிற பிள்ளைக்குத் தப்பான சிவப்பைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதா? நான்கு வருடம் தப்பான சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தால், சரியான சிவப்பு எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று அவர் உறுதியாக நம்பினார். கண் என்பது பழக்கம். பழக்கம் கெட்டால் கண்ணும் கெடும்.

அன்றைக்கே மைத்துனனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்கு 'அகராதி' என்று பெயர். எதைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவனோடு கொஞ்சம் பேசினாலே தெரிந்துவிடும். டிசைன் படிக்கிறவனுக்கு நினைவகம் இரண்டாம் பட்சம், திரையின் நிறம்தான் உயிர் என்று முதலில் கொளுத்திப்போட்டதே அவன்தான். இப்போது அவன், செட்டிங்கில் போய் இந்த இடத்தில் இந்தப் பொத்தானைத் தட்டினால் திரை தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஆகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தான். சொல்லிக்கொடுத்த பிறகு, தொழிற்சாலை என்றால் என்ன என்பதையும் கொஞ்சநேரம் விளக்கினான்.

மறுநாள் காலையில் பையன் எழுவதற்கு முன் அவர் பொத்தானைத் தட்டினார். அத்தை கோபம் அட்டையோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. கோடு தெரியவில்லை. சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

சாயங்காலம் வந்து திறந்தார். அத்தை மறுபடி சிரித்தாள்.

காலையில் சரி, சாயங்காலம் தப்பு. விவரம் தெரியாத ஒருவர் இந்த இடத்தில் இயந்திரத்தைத் திட்டிவிட்டு நிறுத்தியிருப்பார். அவருக்கு விவரம் தெரியும். கோளாறு வளர்ந்ததற்குக் காரணம் அதுதான். வெளிச்சம் மாறினால் நிறம் மாறும். கடையில் பார்த்த நிறம் வீட்டில் வேறாகத் தெரியும். இதைத்தானே வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லி அனுப்புகிறார்? ஊருக்குச் சொல்லிவிட்டுத் தன் வீட்டு விளக்கைப் பார்க்காமல் விட்டோமே என்று தலையில் தட்டிக்கொண்டார்.

கூடத்து விளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, பகல் போல எரியும் வெள்ளை விளக்குகளை மாட்டினார். வீடு ஆபரேஷன் தியேட்டர் போல ஆனது. முகம் கழுவப் போன மனைவி கண்ணாடியின் முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இத்தனை நாள் எனக்கு வயசாகலன்னு நினைச்சிட்டிருந்தேன். பழைய பல்பையே போட்டுடுங்க."

"ஒரு வாரம் பொறுத்துக்க."

"ஒரு வாரத்துல இன்னும் ஒரு வாரம் வயசாகும்."

விளக்கு மாறியும் சிவப்பு மாறவில்லை. காலையில் பொத்தானைத் தட்டினால் நிமிர்ந்தது, சாயங்காலம் சாய்ந்தது. அடுத்த சந்தேகம் ஜன்னல் திரைச்சீலை மேல் விழுந்தது. பரீட்சை முடிஞ்ச மத்தியானம். அதில் பட்டுத் தெறிக்கிற மஞ்சள்தான் லேப்டாப்பைக் கெடுக்கிறது என்று அவற்றை அவிழ்த்து மடித்து வைத்தார். எதிர்வீட்டுக்காரர் தினமும் ஜன்னல் ஓரத்தில் உடற்பயிற்சி செய்வார் என்பது அதன் பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. இவர்கள் சாப்பிடுவது அவருக்குத் தெரிந்தது. முதல் நாள் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த நாள் அவர் கை காட்டினார். காட்டிய கைக்குப் பதில் காட்டாமல் இருக்க முடியுமா? மனைவி ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையைத் தூக்கினாள்.

"மத்தவங்க வாயைத் திறக்க வெக்கிறதுதான் என் வேலை" என்றாள். "இதைப் பத்தி நான் வாயைத் திறந்தா உங்களுக்குத் தாங்காது. பேசாம அந்தப் பெட்டியை மாத்திட்டு வந்துடுங்க."

மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். கவுன்ட்டரில் இருந்தவர், என்ன குறை என்று கேட்டார்.

"சாயங்காலம் ஆனா சிவப்பு சாயுது."

கவுன்ட்டர்காரர் அந்த வாக்கியத்தைக் கொஞ்சநேரம் மனத்துக்குள் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் பட்டது, கீழே விழுந்தது எல்லாம் கேட்டிருக்கிறார். சாயங்காலம் என்பது எந்தப் பிரிவில் வரும் என்று தெரியாமல், வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, மாற்றித் தந்துவிடலாம் என்றார். இன்னும் நல்ல திரை, இன்னும் பெரிய திரை என்று ஒன்றை எடுத்து வைத்தார். தூக்கிப் பார்த்த மனைவி, இதைப் பையன் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டுமா அல்லது இது அவனைக் கொண்டுபோகுமா என்று கேட்டாள். அதன் சார்ஜரே ஒரு செங்கல் அளவு இருந்தது. கணவர் எதையும் காதில் வாங்கவில்லை. அட்டையைத் திரையில் வைத்தார். அத்தை கொதித்தாள். அந்த நேரத்தில் பையன் பின்பக்கம் சர்வீஸ் பகுதிக்குப் போய்விட்டு வந்தான். என்ன என்று கேட்டதற்கு, சும்மா ஒரு சந்தேகம் என்றான்.

வீட்டில், அன்று சாயங்காலமே, பெரிய திரையில் அத்தை இன்னும் பெரிதாகச் சிரித்தாள்.

இப்போது மிச்சம் இருந்தது சுவர்தான். பையன் அறையின் சுவர் செங்கல் நிறம். அவன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்வதோ அந்த அறையில். நாலு பக்கமும் செங்கல் சூழ்ந்திருந்தால் எந்த நிறம்தான் சாயாமல் இருக்கும்? எந்தப் பக்கமும் சேராத சாம்பல் வேண்டும். திங்கட்கிழமையைக் கலக்கிக் கொண்டுவந்தார்.

கட்டில் கூடத்துக்கு வந்தது. புத்தகங்கள் சமையலறைக்குப் போயின. ஊருக்குக் கிளம்ப வேண்டியவனின் பெட்டி, சட்டைகள், ஏணி, செய்தித்தாள், தூரிகைகள் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. வீட்டின் நடுவே நடக்க வேண்டுமானால் முதலில் திட்டமிட வேண்டியிருந்தது. அவரும் பையனுமாக இரண்டு சுவரை முடித்தார்கள். பையன் கோட்டைப் பிடித்து நேராக அடித்ததில், ஓரங்களை அவன் வளைக்காமல் கொண்டுபோனதில், அவருக்கு உள்ளூர ஒரே பெருமை. பேச்சு அதிகம் இல்லை. தூரிகை சுவரில் போய்வரும் சத்தம் மட்டும், யாரோ பக்கத்து அறையில் மெதுவாக மூச்சு விடுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. இவன் போனபிறகு இந்த அறை இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. எந்தப் பக்கமும் சேராமல்.

மறுநாள் விடுமுறை. ஆனால் முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார். மீதியைத் தானே முடிப்பதாகப் பையன் சொன்னான். திண்டாடுவானோ என்று நினைத்தாலும், டப்பா மூலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். மூலையில் இரண்டு டப்பா இருந்தன. ஒன்று மிச்சத் திங்கட்கிழமை; இன்னொன்று யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஒரு வெளிர்ப் பச்சை. தான் கலக்கிய டப்பாவுக்கு அவர் சீட்டு ஒட்டுவதில்லை. மூடியைத் திறந்தால் தெரியாதா?

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. இரண்டு சுவர் சாம்பல். இரண்டு சுவர் பச்சை.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பையன் முழங்கையில் பெயிண்ட்டோடு, ஏணியில் சாய்ந்துகொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தான்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா வந்திருக்கு" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவன் முகம் மலர்ந்தது.

சமையலறையில் மனைவி புத்தகங்களை ஒதுக்கி அடுப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் ஓர் அறைக்கு இரண்டு நிறம் அடிப்பதுதான் ஃபேஷன், மருத்துவர் வீட்டிலும் அப்படித்தான், அழகாகவே இருக்கிறது என்றாள். அவர் கண்ணுக்கும் அது அழகாகத்தான் பட்டது, அதுதான் வலித்தது. அந்தப் பச்சையும் இந்தச் சாம்பலும் ஒன்றை ஒன்று முறைக்காமல் நின்றன. தற்செயலாக அப்படி அமையாது. அப்படியானால் பையன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். அப்பாவின் நிறத்தை அப்பாவிடமே விட்டுவிட்டு, தன் நிறத்தைத் தேடி எடுத்திருக்கிறான். சொன்னால் அப்பாவின் மனம் புண்படுமோ என்று சொல்லாமலும் இருந்திருக்கிறான்.

சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தார். சுற்றிலும் வெள்ளை விளக்கு, திரைச்சீலை இல்லை, செங்கல் இல்லை. சிவப்பு சாய்ந்தே இருந்தது.

முதன்முறையாக, இது வெளிச்சம் இல்லையோ என்று நினைத்தார். பகலில் இதைத் தொடுகிறவன் ஒருவன்தானே?

"நீ இதுல ஏதாவது மாத்துறியாடா?"

பையன் நகத்தில் காய்ந்திருந்த பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இல்லப்பா."

பொய் என்று தெரிந்தது. அவன் சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் கையில் எதையாவது சுரண்டுவான். ஆக, அவனுக்கு ரோஸ் பக்கம் சாய்ந்த சிவப்புதான் பிடித்திருக்கிறது. அப்பாவின் சிவப்பு வேண்டாம். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எதிர்வீட்டுக்காரர் கை காட்டியபோதுகூடப் பார்க்கவில்லை. நாம் கொடுத்தது போய்ச் சேர்ந்தது என்று நினைப்பது ஒன்று. வாங்கிக்கொண்டவன் அதை எங்கே வைத்திருக்கிறான் என்பது வேறு. பிடிக்கவில்லை என்றால் அவன் இஷ்டம் என்று ஒரு மனம் சொன்னது. பிடித்த தப்பு நாளைக்குப் பழகிய தப்பு ஆகிவிடுமே என்று இன்னொரு மனம் சொன்னது. நிறம் கலக்குகிறவரின் மனம் கடைசியில் இரண்டாவது பக்கமே சாய்ந்தது.

காலையில், லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போனார். அவர் வருவதைக் கண்டதும் கவுன்ட்டர்காரருக்கு மேசைக்கு அடியில் தேடுவதற்கு ஏதோ இருந்தது. அங்கிருந்தபடியே, சர்வீஸ் பின்பக்கம் என்று கை மட்டும் காட்டினார்.

பின்பக்கத்தில் ஒரு பெண், பழுது பார்க்கிறவள், பிரித்துப்போட்ட ஒரு லேப்டாப்பின் மேல் குனிந்திருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, மருத்துவரிடம் பிள்ளையின் நோயைச் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னார். காலையில் சரி, சாயங்காலம் தப்பு. விளக்கு மாற்றியது, திரைச்சீலை, சுவர். தினமும் விடிந்ததும் அந்தப் பொத்தானைத் தட்டிச் சிவப்பை நிமிர்த்துவது. நாளைக்குப் பையன் கிளம்புகிறான். அங்கே போய் நிமிர்த்த அவரால் முடியாது. ஆகவே, யாரும் மாற்ற முடியாதபடி இதைப் பூட்டித் தர வேண்டும்.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் பென்சிலில் வரைந்த ஒரு நாற்காலி வந்தது. அவள் முகத்தில் சிரிப்பு பரவியது.

"நாற்காலி வரையுற தம்பியோட அப்பாவா நீங்க?"

அவருக்குச் சட்டென்று நெஞ்சு நிறைந்தது. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்கும் பையனின் கோடு நினைவிருக்கிறதே.

"ஆமாம்மா. பெயிண்ட் கலக்குறதுதான் என் வேலை. என் கண்ணு அப்படியே அவனுக்கு வந்திருக்கு. அது கெட்டுடக் கூடாதேன்னுதான் இத்தனை பாடு."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"அப்போ தினமும் காலையில அந்த செட்டிங்க எடுத்துடறது நீங்கதானா சார்? சிவப்பும் பச்சையும் ஒண்ணாவே தெரியுறவங்களுக்காக வெச்சிருக்கிறது அது. வாங்குன அன்னைக்கே தம்பி எங்கிட்ட தனியா வந்து கேட்டு, எப்படிப் போடறதுன்னு கத்துக்கிட்டுப் போனார். இனிமேலாவது அதைத் தொடாம விட்டுடறீங்களா சார்?"